ஆர்மோனியக்காரரை விமானத்தில் ஏற்றும் வேலை

தினமும் காலையில், செத்துப்போன ஒரு மனிதரை விமானத்தில் ஏறச் சொல்லிக் கெஞ்சுவதுதான் என் வேலை.

பதவியின் பெயர் 'விமானி இசைவு உதவியாளர் (தற்காலிகம்)'. இடம் அருப்புக்கோட்டை விமான நிலையம். ஒரு ஓடுபாதை, ஒரு கேன்டீன், இரண்டு நாய்கள். நான் மெக்கானிக்கல் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது கல்லூரியின் கருத்து. எனக்கு ஐந்து அரியர் இருந்தது. "இவன் எதையும் யாரையும் நம்பவைத்துவிடுவான், ஜாக்கிரதை" என்று என் துறைத் தலைவர் நன்னடத்தைச் சான்றிதழில் எழுதியிருந்தார். மேகவழி ஏர்லைன்ஸ் நிறுவனம் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மறுநாளே வேலைக்குக் கூப்பிட்டது.

முதல் நாள் மண்டல மேலாளர் குலோத்துங்கன் சென்னையிலிருந்து திரையில் வந்து விளக்கினார்.

"விமானம் தானாவே பறக்கும்ல சார்? அப்புறம் எதுக்கு பைலட்?" என்று கேட்டேன்.

"சட்டம் தம்பி. பத்து வருஷம் முன்னாடி ஒரு தானியங்கி விமானம், எதிர்ல புயல்னு தெரிஞ்சும் நேரா உள்ள போயிருச்சு. ஏன் திரும்பலைன்னு விசாரணையில அதையே கேட்டாங்க. 'இருபத்து மூணு சதவீதம்தான் ஆபத்து'ன்னு பதில் சொல்லுச்சு. பயம்னா என்னன்னே அதுக்குத் தெரியலை. அன்னிலேருந்து சட்டம், ஓட்டுற இடத்துல பயப்படத் தெரிஞ்ச மனுச மனசு ஒண்ணு உட்கார்ந்திருக்கணும்."

"உயிரோட இருக்கறவங்களைப் போடலாமே?"

"லீவு கேக்கறாங்க."

"சமீபத்துல செத்தவங்க?"

"வாரிசு கேஸ் போடுறாங்க. ஆனா செத்து அறுபது வருஷம் ஆயிட்டா எழுத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. டைரி எழுதி வெச்சுட்டுப் போன பழைய விமானி எவனா இருந்தாலும் நம்ம ஆளு. டைரியைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டுனா அவனோட மனசு வந்துரும்."

இப்படித்தான் மனித குலத்தில் முதன்முதலாக வானத்தில் ஏறியவர்கள், மூங்கிலையும் துணியையும் பசையையும் நம்பிக் கழுத்தை அடகு வைத்தவர்கள், இப்போது காலை ஏழு நாற்பது சென்னை விமானத்தை ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது. ஒவ்வொரு காலையும், டைரி முடிந்த நாளுக்கு மறுநாள் விடியலில் கண் விழிக்கிறார்கள். அவர்களுக்குக் காட்டப்படுவது அவர்களுடைய பழைய மைதானம், பழைய விமானம். அவர்கள் கை அசைப்பதை நிஜ விமானம் தன் மொழியில் மாற்றிக்கொள்ளும். பின்னால் பன்னிரண்டு பயணிகள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரியாது. பயப்பட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. யாருக்காக என்று அவர்களிடம் சொல்லச் சொல்லவில்லை.

"நேத்து நடந்தது ஞாபகம் இருக்காதா சார்?"

"ஞாபகம் வெக்க விட்டுப் பார்த்தோம். நாலாவது நாள் எல்லாரும் வேலையை விடுறேன்றாங்க. அதனால தினமும் அழிச்சுட்டுப் புதுசா எழுப்பறோம். புதுசா எழுந்தா புதுசா ஏத்தி விடணும். அதுக்குத்தான் நீ. என்ன பொய் வேணா சொல்லு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்காத. பயமா இருக்கான்னு கேக்கவே கேக்காத."

"ஏன் சார்?"

"ஒன்பதாவது பிரிவு. பயமா இருக்குன்னு அவர் வாயால சொல்லிட்டா அவரைப் பறக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்ல. விசாரணை முடியற வரைக்கும் அழிக்கவும் முடியாது. இந்த நாட்டுல விசாரணை எப்ப முடியும்னு உனக்கே தெரியும்."

எனக்கு ஒதுக்கப்பட்டவர் அரியநாயகம். மதுரையில் நாடகக் கம்பெனிகளுக்கு ஆர்மோனியம் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். மரம், தோல், பசை, காற்று, எல்லாம் கைக்குப் பழகியவை. 1913-இல் தானே ஒரு விமானம் கட்டி, ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் ஏழு முறை பறந்தார். ஏழும் சேர்ந்து பத்தொன்பது நிமிடம். அவருடைய டைரி எழுநூற்று நாற்பது பக்கம். நிமிடத்துக்கு முப்பத்தொன்பது பக்கம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, நான் நிறுவனம் கொடுத்த பத்துப் பக்கச் சுருக்கத்தை மட்டும் படித்தேன். நான்கு வருடமாகப் பரீட்சைக்கு அப்படித்தான் படித்து வருகிறேன். ஐந்து அரியருக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. நிறுவனத்தின் கையேட்டில் அவர் படத்துக்குக் கீழே 'வானில் எழுந்து வானிலேயே மறைந்தவர்' என்று போட்டிருந்தது. டைரி சட்டென்று நிற்கிறது, ஆகவே மறுநாள் விழுந்து செத்திருப்பார் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

விமானப் படிக்கட்டின் அடியில் ஒரு மேசை, ஒரு திரை, ஒரு மைக்; அவர் திரையில் தெரிவார், நான் மைக்கில் பேசுவேன். அவரை ஏற்றுவது சுலபமில்லை.

"தம்பி, மணி என்ன?" இது தினமும் முதல் கேள்வி.

"ஆறரை ஐயா." திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். விமானம் ஏழு நாற்பதுக்கு. ஆகவே திங்கட்கிழமைகளில் அருப்புக்கோட்டையில் எப்போதும் மணி ஆறரை.

"காத்து எந்தப் பக்கம்?"

"தெக்க."

"நேத்தும் தெக்கதானே அடிச்சுச்சு. கொஞ்சம் மாறட்டும்." பிறகு இன்ஜினைக் கேட்பார். நிஜ விமானத்தில் மோட்டார் சத்தமே கிடையாது. அவருக்காகப் பழைய பெட்ரோல் இன்ஜின் சத்தம் ஒன்றை ஓடவிடுவோம். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ரெண்டரைக் கட்டைச் சுருதில பாடணும். இது ஒரு மயிரிழை கம்மியா இருக்கே" என்பார். பிறகு சட்டையில் ஒரு பொத்தான் தளர்வாக இருக்கும். பிறகு பலகையில் ஓர் எறும்பு.

நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். இருந்தாலும் தினமும் பதினோரு நிமிடம் பிடித்தது. அந்தப் பதினோரு நிமிடமும், உண்மையைச் சொன்னால், என் நாளில் நன்றாக இருந்த நேரம். கல்லூரியில் யாரும் என்னிடம் அவ்வளவு நேரம் பொறுமையாகப் பேசியதில்லை.

மார்ச் மாதம் குலோத்துங்கன் திரையில் வந்தார். "தம்பி, உங்காளு நகல் நகலா முப்பத்தோரு ஊர்ல ஓட்டுறாரு. எல்லா ஊர்லயும் பத்து நிமிஷத்துக்கு மேல இழுக்கறாரு. பெல்ஜியம்காரர் ஒருத்தர் இருக்காரு, நாப்பது நொடில ஏறி உட்கார்ந்துடறாரு. திங்கட்கிழமையிலிருந்து நாலு நிமிஷத்துக்குள்ள ஏறணும். இல்லன்னா இவரை மொத்தமா அழிச்சுட்டு அவரைப் போட்டுருவோம்."

"மொத்தமான்னா?"

"மொத்தமான்னா மொத்தமா. மூலப்பிரதியோட."

அன்று முழுவதும் சுருக்கத்தைப் புரட்டினேன். பத்துப் பக்கத்தில் 'ஆவுடை' என்ற பெயர் பதினான்கு முறை வந்தது. மனைவி. அவள் சமைத்தது, அவள் சொன்னது, அவள் சிரித்தது. இந்த மனிதர் இவ்வளவு உருகும் மனைவி மைதானத்துக்கு வந்து நின்றால் ஒரே நொடியில் ஏறிவிடமாட்டாரா? 'மனைவி பார்க்க வந்திருக்கிறார் என்று சொன்னால் உடனே பறப்பார்' என்று ஞாயிற்றுக்கிழமை குலோத்துங்கனுக்கு எழுதினேன். திங்கள் காலை நான் சொல்லிப் பார்த்துவிட்டுத் தகவல் தருவதாகவும் எழுதினேன். அவர் முதல் வரியை மட்டும் படித்தார். அவரும் என்னைப் போல்தான் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். முப்பத்தோரு ஊருக்கும் அந்த வரி அன்றிரவே போய்விட்டது.

திங்கட்கிழமை.

"தம்பி, மணி என்ன?"

"அதை விடுங்க ஐயா. உங்க வீட்டம்மா வந்திருக்காங்க. கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க."

நான் திரையில் நேரத்தைப் பார்த்தேன். ஏழு நொடி. சாதனை.

"யாரு வந்திருக்கா?"

"ஆவுடையம்மா."

"எந்தக் கலர் சேலை?"

"அரக்கு," என்றேன். பொய்யில் விவரம் இருந்தால்தான் நிற்கும்.

"அடப்பாவி!" என்றார் அரியநாயகம். "சிவகாசிக்கு நாடகக் கம்பெனி ஆர்மோனியம் பார்க்கப் போறேன்னுல்ல சொல்லிட்டு வந்திருக்கேன்! பறக்கறேன்னு தெரிஞ்சா என்னை உயிரோட விடுவாளா? நான் இங்க இல்லன்னு சொல்லு!"

இன்ஜின் சத்தம் நின்றது. திரையில் சிவப்பு எழுத்து வந்தது: விமானி இருக்கையில் இல்லை. சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. அதே நொடியில், தூத்துக்குடி முதல் ஓசூர் வரை மற்ற முப்பது ஊர்களில் முப்பது அரியநாயகங்கள் முப்பது இருக்கைகளுக்கு அடியில் பதுங்கினார்கள்.

மூன்றாவது இருக்கைப் பயணி, வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர், விமானக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். "பைலட் எங்கப்பா?"

"சீட்டுக்கு அடில இருக்காருங்க."

"எதையாச்சும் தேடறாரா?"

"ஒளிஞ்சிருக்காருங்க. அவர் சம்சாரம் வந்திருக்காங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நேரமாகும்," என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

குலோத்துங்கன் திரையில் வந்தபோது அவர் முகத்தில் பாதிக்கு ஷேவிங் நுரை இருந்தது. "என்னடா பண்ணி வெச்சிருக்க? முன்னூத்து எழுபத்திரண்டு பேர் நிக்கிறாங்க! அந்த டைரியை நீ படிச்சியா இல்லியா?"

"நீங்க படிச்சீங்களா சார்?"

அவர் துண்டால் நுரையைத் துடைத்தார். "ஒரு பொம்பளைக் குரல் வேணும். உடனே. அந்தம்மாவே 'சந்தோஷமா பறங்க, நான் பார்க்கறேன்'னு சொல்லணும். முப்பத்தோரு ஊருக்கும் சேர்த்து இணைச்சு விடறேன். அங்க யாரு இருக்கா?"

அங்கே ஜெயசீலி அக்கா இருந்தார். விமானத்தை இழுத்து வரும் டிராக்டரை ஓட்டுபவர். டிராக்டரில் சாய்ந்து நின்று டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் எதுக்குடா பொய் சொல்லணும்?"

"சொல்லலன்னா அழிச்சுருவாங்கக்கா. நாளைக்கு அவர் இல்ல."

கையைக் கழுவிக்கொண்டு வந்து மைக்கை வாங்கினார்.

"என்னங்க," என்றார்.

இருக்கைக்கு அடியிலிருந்து குரல் வந்தது, "ஆவுடை?"

"ஆமா."

"குரல் என்ன அரைக் கட்டை இறங்கியிருக்கு?"

"அழுதா இறங்கத்தான் செய்யும். சிவகாசி இங்கதான் இருக்கா?"

"இல்ல... பாதி வழில..."

"எத்தனை நாளா பாதி வழி?"

"ஒன்பது மாசமா."

"எவ்வளவு உசரம் போவீங்க?"

"நம்ம மாடியைப் போல அஞ்சு பங்கு இருக்கும். போன தடவை நம்ம தெரு தெரிஞ்சுது ஆவுடை. நீ வத்தல் காயப் போட்டிருந்த. துணி பறந்திடாம நாலு மூலைக்கும் கல்லு வெச்சிருந்த. ஒரு மூலைல செங்கல்லு."

"பறக்கச் சொல்லு, பறக்கச் சொல்லு," என்று குலோத்துங்கன் என் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தார்.

அக்கா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தினமும் காலைல என்னடா சொல்லி இழுத்தடிப்பாரு?"

"ராகுகாலம், காத்து, சுருதி, பொத்தான், எறும்பு."

"நீ என்ன சொல்லுவ?"

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கேன்."

"எறும்புக்குமா?"

"எறும்புக்கு ரெண்டு."

"மண்டு," என்றார் அக்கா. "எங்க வீட்டுக்காரர் துறைமுகத்துல கிரேன் ஓட்டறாரு. மழை நாள்ல ஏர்றதுக்கு முன்னாடி செருப்பைக் காணோம்பாரு, சாவியைக் காணோம்பாரு. செருப்பையா தேடறாரு?"

அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. குலோத்துங்கனுக்கும் புரிந்துவிட்டது. "மைக்கைப் புடுங்குடா! புடுங்கு!" மைக் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிடுங்குவது சுலபம். நான் என் காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே பொறுப்பான காரியம் அது. அதையும் ஒன்றும் செய்யாமல்தான் செய்ய வேண்டியிருந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் ஜெயசீலி அக்கா.

எதிர்ப்பக்கம் முப்பத்தோரு இணைப்புகள் திறந்திருந்தன. முப்பத்தொன்றிலும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல், அதன் வாலைப் பிடித்தாற்போல் இன்னொன்று, ஒன்றன்மேல் ஒன்றாக முப்பத்தொன்றும் சொல்லின: "ஆமா."

"எப்பலேருந்து?"

"முதல் தடவையிலேருந்தே. ஒவ்வொரு தடவையும். காலெல்லாம் நடுங்கும். மேல போயிட்டா நடுங்காது. ஏர்றதுக்கு முன்னாடிதான்."

"அப்ப இன்னிக்கு வேண்டாம். இறங்கி வாங்க."

"ஜனம் வந்திருக்கே ஆவுடை?"

"ஜனம் பஸ்ஸுல போகும்."

பயணிகள் உண்மையிலேயே பஸ்ஸில் போனார்கள். வெள்ளை வேட்டிப் பெரியவர் இறங்கும்போது, "சமாதானம் ஆயிட்டாங்களா?" என்று கேட்டார். ஆகிவிட்டார்கள் என்றேன். "அதான் முக்கியம்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒன்பதாவது பிரிவு தன் வேலையைச் செய்தது. முப்பத்தோரு அரியநாயகங்களையும் பறக்க வைக்கவோ, அணைக்கவோ, அழிக்கவோ கூடாது என்று மதியமே உத்தரவு வந்தது. விசாரணைக்குத் தேதி பிறகு அறிவிக்கப்படும். குலோத்துங்கன் என்னை வேலையை விட்டு நீக்கினார். பிறகு, விசாரணை முடியும்வரை சாட்சியை நீக்கக் கூடாது என்று யாரோ எடுத்துச் சொல்லவே மறுபடியும் சேர்த்துக்கொண்டார். எனக்கு இப்போது ஒரு வேலையும் இல்லாத வேலை இருந்தது. படித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் கனவு கண்டது அதைத்தான்.

ஆனால் எங்கள் அரியநாயகம் விழித்திருந்தார். அணைக்காததால் நேற்று நடந்தது இப்போது அவருக்கு ஞாபகம் இருந்தது. பொட்டலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நான்கு சாயங்காலமும் ஜெயசீலி அக்கா வந்து ஆவுடையாகப் பேசிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, என் முன்னால் வந்து நின்றார்.

"என்னால இதுக்கு மேல முடியாதுடா. நேத்து வீட்டுல தோசை சுடும்போது 'சிவகாசி போயிட்டு எப்ப வருவீங்க'ன்னு வாயில வருது. அவரு ஒரு மாதிரி பாக்கறாரு. நீ போய் உண்மையைச் சொல்லு."

"நானாக்கா?"

"ஒன்றரை வருஷமா காலைல காலைல பொய் சொன்னவன் நீதானே. கணக்கு நேராகட்டும்."

வெறுங்கையோடு போகக் கூடாதென்று, மதுரை நகராட்சியின் பழைய இறப்புப் பதிவேட்டில் ஆவுடையம்மாளைத் தேடி எடுத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைச் சுருக்கம் இல்லாமல் படித்தேன். அந்தப் பக்கத்தோடு நிற்காமல் அதற்குப் பின்னால் வந்த பக்கங்களையும் படித்தேன்.

"தம்பி, மணி என்ன?"

"பத்தே முக்கால் ஐயா. வெள்ளிக்கிழமை. ராகுகாலம்."

"அப்ப நல்ல சேதி இல்ல. சொல்லு."

சொன்னேன். இது 2071 என்று சொன்னேன். டைரி, நகல், சட்டம், பின்னால் இட்லி சாப்பிடும் பன்னிரண்டு பேர், எல்லாம். இடையில் ஒரு முறைகூட என்னைத் தடுக்கவில்லை.

"நாலு நாளா இந்தப் பொட்டலுக்கு ஒரு ஆடு வரலை," என்றார் கடைசியில். "என்னவோ சரியில்லைன்னு நெனச்சேன். சாயங்காலம் பேசற பொண்ணு?"

"ஜெயசீலி. டிராக்டர் ஓட்டறாங்க."

"நல்ல பொண்ணு. ஆவுடை இல்லன்னு முதல் நாளே தெரியும். அழுதா அவளுக்குக் குரல் ஏறும், இறங்காது."

"தெரிஞ்சும் ஏன் பேசினீங்க?"

"பயமா இருக்கான்னு என்கிட்ட யாரும் கேட்டதில்லையேப்பா." மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அவ எப்பப் போனா?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டுல. ஐப்பசி மாசம். காய்ச்சல்."

தலையை ஆட்டினார். விரல்கள் முழங்காலின் மேல் எதையோ வாசிப்பதுபோல் அசைந்தன. நான் காத்திருந்தேன். பதில் சொல்லிப் பழகிய வாயை மூடி வைத்திருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

"நான்?" என்றார். "மறுநாளே விழுந்துட்டேனா?"

"எங்க புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு." பதிவேட்டுத் தாளைப் பிரித்தேன். "இதுல வேற மாதிரி இருக்கு ஐயா. அதே தெரு, அதே கதவு எண். 'அரியநாயகம், தொழில் ஆர்மோனியம் ரிப்பேர், வயது எழுபத்து நாலு, காரணம் மூப்பு.' வருஷம் அறுபத்தொண்ணு."

"விழலையா?"

"விழலை."

"அவளுக்கு அப்புறம் மூணு வருஷமா?"

"ஆமா."

"அப்ப டைரி ஏன் நின்னுபோச்சு?"

"அது யாருக்கும் தெரியலை ஐயா. நின்னுபோச்சுன்னுதான் நீங்க செத்துட்டதா நெனச்சாங்க."

அவர் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். ஒன்றரை வருடத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"வீட்டுல சொல்ல முடியாததைத்தானே தம்பி நான் அதுல எழுதிக்கிட்டு இருந்தேன்," என்றார். "அன்னிக்குச் சாயங்காலம் அவகிட்ட சொல்லிட்டேன் போல."